எட்டடிப் படமும் ஒன்பதரை விரலும்

நாலடிக்கு ஆறடியில் ஒரு படம் வேண்டும், சாயங்காலம் வந்து வாங்கிக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டு யாரும் அந்த அக்காவின் கடையிலிருந்து நேராகப் படியிறங்கிப் போய்விட முடியாது. முதலில் உட்காரச் சொல்வார். படம் எந்தச் சுவரில் தொங்கப்போகிறது, அந்தச் சுவருக்கு என்ன பெயின்ட், எதிரே ஜன்னலா டியூப்லைட்டா என்றெல்லாம் கேட்பார். அப்பா அம்மாவின் அறுபதாம் கல்யாணப் படத்தோடு சிரித்துக்கொண்டு வந்தவர்கள், டாக்டரிடம் நோய் சொல்கிற குரலில் பதில் சொல்லிக்கொண்டிருப்பார்கள்.

திருவனந்தபுரத்தில் சாலை என்று பெயருள்ள கடைத்தெருவில், வியாபாரிகள் சங்கத்துக்குச் சொந்தமான கட்டடத்தின் முதல் மாடியில் எங்கள் இரண்டு பேருடைய அறைகளும் அடுத்தடுத்து இருந்தன. நான் படங்களுக்கு பிரேம் போடுகிறவன். அவர் பெரிய அளவில் போட்டோ பிரிண்ட் எடுத்துக் கொடுப்பவர். நாகர்கோவில் பக்கத்துக்காரர், என்னைவிட நாலைந்து வயது மூத்தவர். பெயர் சொல்லி விசாரித்தால் தெருவில் யாருக்கும் தெரியாது. தமிழர்களுக்கு அவர் டெஸ்ட் அக்கா. மலையாளிகளுக்கு டெஸ்ட் சேச்சி.

கேள்விகள் முடிந்ததும் டெஸ்டுக்காகப் படத்திலிருந்து ஒரு உள்ளங்கை அகலத்துக்கு ஒரு இடத்தைத் தேர்ந்தெடுப்பார். முழுப் படத்தையும் சின்னதாகச் சுருக்கி அடித்துப் பார்ப்பது அவருக்குப் பிடிக்காது. அதில் எல்லாரும் அழகாகத்தான் இருப்பார்கள் என்பார். பெரிய படத்தில் அந்த இடம் என்ன அளவில் வருமோ அதே அளவில் அதை மட்டும் அடிப்பார். பாதி மூக்கும் கொஞ்சம் கன்னமும் வரும். அல்லது ஒரு காதும் பட்டுக் கரையும். அதே துண்டை வெளிச்சம் கூட்டி, குறைத்து, சிவப்பைத் தணித்து ஐந்து விதமாக அடித்துக் காயவைத்து, பின்பக்கம் பென்சிலால் நம்பர் போட்டுக் கொடுத்து அனுப்பிவிடுவார். வீட்டுச் சுவரில் ஒட்டி, காலை வெயிலிலும் ராத்திரி விளக்கிலும் பார்த்துவிட்டு வந்து நம்பரைச் சொல்ல வேண்டும்.

அஞ்சும் ஒண்ணு போலத்தானே இருக்கு என்று சிலர் சடைத்துக்கொள்வார்கள். அக்காவுக்குக் கோபம் வராது. "சின்னதுல முணுமுணுக்கது பெருசுல கத்தும்" என்பார். அதற்கு மேல் விளக்கம் கிடையாது.

ஒருமுறை ஒரு கல்யாண வீட்டுக்காரர், கொடுத்தனுப்பிய துண்டைத்தான் படம் என்று நினைத்து, மாப்பிள்ளையின் இடது காதை மட்டும் அடித்துக் கொடுத்து ஏமாற்றிவிட்டார்கள் என்று தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார். இன்னொருவர் செக்ரட்டேரியட்டில் பெரிய பதவியில் இருந்து ஓய்வு பெற்றவர். அக்கா ஒரு ஆயுள் முழுக்கத் தேடிய வாடிக்கையாளர் அவர்தான். ஐந்து துண்டுகளுக்கும் ஒரு ஃபைல் திறந்தார். வீட்டில் மனைவி, மகன், மருமகள், சமையல்காரி என்று ஒவ்வொருவரிடமும் எழுத்தில் அபிப்பிராயம் வாங்கினார். மருமகளின் அபிப்பிராயத்தில் தெளிவில்லை என்று திருப்பி அனுப்பினார். மூன்று மாதம் கழித்து நாலாம் நம்பர் என்று முடிவெடுத்துக்கொண்டு வந்தபோது, இடையில் வீட்டுச் சுவருக்கு வேறு நிறம் அடித்துவிட்டதையும் பேச்சோடு பேச்சாகச் சொன்னார். அக்கா அவரை உட்காரச் சொல்லி முதலிலிருந்து ஆரம்பித்தார். இரண்டு பேருக்கும் அவ்வளவு சந்தோஷம்.

கடையில் மட்டும் இப்படி இருந்திருந்தால் தொழில் சுத்தம் என்று சொல்லிவிட்டுப் போகலாம். கரமனையில் வாடகைக்கு வீடு பார்த்தபோது, பாயும் தலையணையுமாகப் போய் இரண்டு நாள் அங்கே படுத்துப் பார்த்த பிறகுதான் முன்பணம் கொடுத்தார். ஓட்டலில் மீன் குழம்பைக் கால் கரண்டி வாங்கி நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் சாப்பாடு சொல்வார். கல்யாணமும் அப்படித்தான். பெண் பார்த்துப் போன மாப்பிள்ளையை, ஒரு அத்தையையும் துணைக்குச் சேர்த்துக்கொண்டு, பொன்முடிக்கு பஸ்ஸில் கூட்டிப் போனாராம். வித்துரா தாண்டி வளைந்து வளைந்து ஏறும் பாதையில் அத்தைக்கு வாந்தி வந்தது. மாப்பிள்ளை முகம் சுளிக்காமல் தன் துண்டை எடுத்துக் கொடுத்து, தண்ணீர் பாட்டிலையும் திறந்து நீட்டினார். அது மதி, அது போதும் என்று அக்கா சம்மதம் சொல்லிவிட்டார். அவர்கள் நன்றாகவே வாழ்ந்தார்கள். மலைப் பாதையில் தனக்கு வாந்தி வரும் என்று தெரிந்தேதான் தன்னைத் தேர்ந்தெடுத்திருக்கிறாள் என்று அத்தைக்கு மட்டும் கடைசிவரை ஆறவில்லை.

என்னையும் அவர் விட்டுவைக்கவில்லை. அவர் கடை திறந்த புதிதில், உங்கள் படங்களுக்கெல்லாம் நானே பிரேம் போட்டுத் தருகிறேன் என்று போய்ச் சொன்னேன். உள்ளங்கையளவு ஒரு துண்டை எடுத்து நீட்டி, முதல்ல இதுக்குப் போட்டுக் கொண்டுவாங்க தம்பி என்றார். இருபது வருஷம் தொழில் செய்தவனுக்கு எப்படி இருக்கும்? பல்லைக் கடித்துக்கொண்டு போட்டுக் கொடுத்தேன். நாலு மூலையையும் நகத்தால் தடவிப் பார்த்துவிட்டு மேஜைமேல் வைத்தார். ஒரு மாதம் ஒன்றும் சொல்லவில்லை. மழைக்காலம் முடிந்து மூலை விலகாமல் இருப்பதைப் பார்த்த பிறகுதான் முதல் வேலையை அனுப்பினார்.

இப்போது அவர் இங்கே இல்லை. மகளுக்குக் கோயம்புத்தூரில் வேலை கிடைத்ததும் குடும்பத்தோடு போய்விட்டார். அதற்கும் முன்னால் ஒரு மாதம் அங்கே இருந்து பார்த்தார் என்பதைச் சொல்லவே வேண்டியதில்லை. அவரை நினைக்கும்போதெல்லாம் எனக்கு அந்த எட்டடிப் படம்தான் முதலில் ஞாபகம் வருகிறது.

எங்கள் கட்டடத்தின் மேல் மாடியில் சங்கத்துக்குப் புதிதாக ஒரு ஹால் கட்டியிருந்தார்கள். திறப்பு விழாவுக்குப் பத்து நாள் இருந்தது. அதன் முகப்புச் சுவரில் தன்னுடைய படம் எட்டடி உயரத்துக்கு இருக்க வேண்டும் என்று சங்கத் தலைவரே எங்கள் மாடிக்கு வந்தார். மொத்த அரிசி வியாபாரி. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து சின்ன வயதில் வந்தவர். வெள்ளைச் சட்டை, வெள்ளை வேட்டி, வாயில் பாதி மலையாளம். எங்கள் இரண்டு பேருடைய அறை ஒப்பந்தமும் அந்த மாதத்தோடு முடிவதாக இருந்தது. புதுப்பித்துக் கையெழுத்துப் போட வேண்டியவர் அவர்தான். அதை அவரும் சொல்லவில்லை, நாங்களும் சொல்லவில்லை. ஆனால் நான் அன்றைக்கு அவருக்கு இரண்டு தடவை டீ வாங்கிக் கொடுத்தேன்.

அவர் கொண்டுவந்த படம் சாலையில் எல்லாருக்கும் தெரிந்ததுதான். முப்பது வருஷத்துக்கு முன்னால் சந்தையை ஊருக்கு வெளியே கொண்டுபோகப் போவதாகப் பேச்சு வந்தபோது வியாபாரிகள் தெருவில் உண்ணாவிரதம் இருந்தார்கள். அப்போது எடுத்தது. இளைஞராக ஒரு கையை உயர்த்தி மைக் முன்னால் நிற்கிறார். மூன்று நாள் பச்சைத் தண்ணீர் தொடாமல் தனியாளாக நின்று சந்தையைக் காப்பாற்றினார் என்று சங்க மலரில் ஒவ்வொரு வருஷமும் அந்தப் படம் தபால்தலை அளவில் வரும். சந்தையை மாற்றும் பேச்சு வேறு காரணத்தால் நின்றுபோனது என்பார்கள். அதற்குப் படம் இல்லை.

கொஞ்சம் வெளுப்பாக வரணும் கேட்டோ என்றார் தலைவர். அக்கா சுவரைப் பற்றிக் கேட்டார். சுவர் இன்னும் பூசி முடியவில்லை. அப்படியென்றால் வீட்டுச் சுவரில் ஒட்டிப் பாருங்கள் என்று சொல்லி, எட்டடிக்கு உள்ளங்கை அகலம் போதாது என்று ஒரு முழ அகலத்துக்கு இடது தோளைத் தேர்ந்தெடுத்தார். எதற்கு அந்த இடம் என்று நான் கேட்டதற்கு, வெயில் பட்ட வெள்ளைச் சட்டையும் கறுத்த தோலும் அங்கேதான் பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன, அது சரியாக வந்தால் முகம் தானாக வரும் என்றார். தொழில்படி அது சரிதான். தெரிந்தேதான் அந்த இடத்தை வெட்டினாரோ என்ற சந்தேகம் எனக்கு இன்றுவரை தீரவில்லை.

ஏனென்றால் அந்தத் தோளில் ஒரு கை இருந்தது. படத்தை வெட்டிச் சின்னதாக்கியபோது கைக்குச் சொந்தமான ஆளை வெட்டிவிட்டார்கள், கை மட்டும் தங்கிவிட்டது. தபால்தலை அளவில் அது ஒரு நிழல் மாதிரித்தான் தெரியும். முப்பது வருஷமாக யாரும் அதைப் பார்த்ததில்லை. துண்டில் முதலில் கண்ணில் படுவதே அதுதான். நிஜக் கையைவிடப் பெரிய கை, மோதிர விரல் பாதியோடு நிற்கிற கை, ஐந்து விதமான வெளிச்சத்தில்.

தலைவரின் மனைவி அந்த ஐந்தையும் சாப்பாட்டு அறைச் சுவரில் வரிசையாக ஒட்டிவைத்தார். அன்று சாயங்காலம் திறப்பு விழா பற்றிப் பேசக் கமிட்டிக்காரர்கள் ஏழு பேர் அங்கே டீ குடிக்கப் போனார்கள். அவர்களில் மூத்தவரான வெல்லக்கடைக்காரர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, இது நம்ம ஒன்பதரை அண்ணாச்சி கைல்லா என்றார்.

எடைக்கல் விழுந்து விரலில் பாதி போனதால் அந்தப் பெயர். சங்கத்தை முதலில் கூட்டியவர் அவர்தான் என்று பழைய ஆட்களுக்குத் தெரியும். ஏதோ ஒரு தகராறில் அவரை விலக்கிவிட்டு இவர் தலைவரானார். பிறகு அவர் கடையை மூடிவிட்டு வித்துராவில் மகள் வீட்டோடு போய்விட்டார். சங்க மலரில் அவருடைய பெயர் வந்ததே இல்லை. புது ஹாலின் கல்வெட்டிலும் இல்லை.

மறுநாள் காலையில் கடை திறக்கும் முன்பே தலைவர் மாடி வராந்தாவில் நின்றார். உடம்பு பூரா இருக்க உனக்கு வேற இடம் கிடைக்கலையாம்மா என்று அக்காவைக் கேட்டார். அந்தக் கையை எடுத்துவிட வேண்டும் என்றார். அக்கா மறுக்கவில்லை. "எடுத்திரலாம் அண்ணாச்சி. டெஸ்ட் போட்டுப் பாப்போம்" என்றார்.

கையை எடுத்தார்கள். கை போனது, அது பிடித்திருந்த இடம் போகவில்லை. சட்டைத் துணி தோளில் கொத்தாக மேலே ஏறி நின்றது, யாரோ கொக்கியில் மாட்டித் தூக்கின மாதிரி. அந்தத் துண்டு தலைவர் வீட்டுக்குப் போய்த் திரும்பி வந்தது. அடுத்ததாகத் துணியை நீவிச் சமமாக்கினார் அக்கா. அப்போது ஒரு தோள் மற்றத் தோளைவிடத் தாழ்ந்து, ஆளே ஒரு பக்கமாகச் சாய்ந்து தெரிந்தார். அதுவும் திரும்பி வந்தது. துண்டுகள் போகவும் வரவுமாக இருந்ததில், வழியில் பார்க்காத ஆள் இல்லை. பருப்புக் கடையிலும் பாத்திரக் கடையிலும் இன்றைக்குக் கை இருக்கிறதா போய்விட்டதா என்று கேட்பதுதான் பேச்சு. ஐந்தாம் நாள் தலைவர் ஒரு முடிவு சொன்னார். தோளை மூடி ஒரு பொன்னாடை வரைந்துவிடுங்கள், நல்ல ஜரிகையாக.

உண்ணாவிரதத்தில் நிற்கிறவருக்கு யார் பொன்னாடை போர்த்தினார்கள் என்று நான் கேட்கவில்லை. எட்டடி பிரேமுக்கு மரம் அறுத்துத் தயாராக வைத்திருந்தேன். எனக்குப் படம் வந்தால் போதும்.

அக்காவுக்கு வேறு ஒன்று உறுத்திக்கொண்டிருந்தது. முதல் துண்டை ஜன்னலில் பிடித்துக்கொண்டு பார்த்தபடியே நின்றார். "தோள்ல கை போட்டா துணி அமுங்கணும் தம்பி. இது தூக்கியில்லா இருக்கு" என்றார். நமக்கு எதுக்கு அக்கா, ஒப்பந்தத்தில் கையெழுத்து இன்னும் விழவில்லை என்று நான் ஞாபகப்படுத்தினேன். செரிதான் என்று தலையாட்டினார். அடுத்த நாள் ஞாயிற்றுக்கிழமை. திங்கட்கிழமை காலையில் வந்தவர், பேசாமல், பொன்னாடை போட்ட படத்தை மத்தியானத்துக்குள் அடித்து முடித்தார். புது ஹாலின் சுவரில் மூன்று துண்டுகளை ஒட்டி எடுத்ததைத் தவிர வேறு தாமதம் இல்லை. எனக்கு அதுவே ஆச்சரியமாக இருந்தது.

விழா அன்று மந்திரி தாமதமாக வந்து, அதைவிட வேகமாகப் போனார். அதற்குப் பிறகுதான் உண்மையான கூட்டம். சாலையில் கடை வைத்திருக்கிற எல்லாரும் குடும்பத்தோடு மேலே ஏறி வந்தார்கள். யாரும் தலைவரின் முகத்தைப் பார்க்கவில்லை. எட்டடிப் படத்தின் ஒரு ஓரத்தில் மட்டும் கூட்டம் நெருக்கியது. பெண்கள் ஜரிகையை அண்ணாந்து பார்த்தார்கள். ஆண்கள் செல்போனில் படம் எடுத்துக்கொண்டார்கள். ஒவ்வொருவரும் தன் கை சரியாகப் பொன்னாடைமேல் இருக்கிற மாதிரி எக்கி நின்றுதான் எடுத்தார்கள். முதலில் தலைவருக்கு அது பக்தியாகத் தெரிந்திருக்க வேண்டும். கைகூப்பிக்கொண்டே இருந்தார். கொஞ்ச நேரத்தில் கை இறங்கிவிட்டது. ஒரு நாற்காலியை அவரே இழுத்துப் படத்தின் பக்கத்தில் போட்டுவிட்டு, அதில் உட்காராமல் வாசலைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

அப்போதுதான் அக்கா வந்தார். கூடவே வெள்ளை முண்டும் தோளில் துண்டுமாக மெலிந்த ஒரு பெரியவர். அவர் கையில் பாதி விரலைப் பார்த்ததும் கூட்டம் தானாக வழி விட்டது. அக்காவின் கடையும் என் கடையும் அந்தத் தெருவில் சாமான்களோடு கிடப்பது கண்முன் தெரிந்தது.

ஒன்பதரை அண்ணாச்சி படத்தை மேலிருந்து கீழ்வரை நிதானமாகப் பார்த்தார். நல்ல வந்திருக்கு என்றார். பிறகு பொன்னாடையைக் காட்டி, இது எதுக்கு என்று கேட்டார். பருப்புக் கடைக்காரர்தான், அங்கே உங்க கை இருந்துது அண்ணாச்சி, தோள்ல போட்டிருந்தீங்க என்று மெதுவாகச் சொன்னார்.

"தோள்ல ஒண்ணும் போடல்ல" என்றார் பெரியவர். குரலில் குற்றச்சாட்டு எதுவும் இல்லை. நடந்ததைச் சொல்கிற குரல்தான். முதல் நாள் காலை பதினொரு மணிக்கு எடுத்த படம் அது. அன்றைக்கு விடியற்காலையில் இரண்டு பேரும் சேர்ந்து ஆளுக்கு இரண்டு ஏத்தன் வாழைப்பழம் சாப்பிட்டுவிட்டுத்தான் வந்து உட்கார்ந்தார்கள். தலைவருக்கு வெயில் ஒத்துக்கொள்ளவில்லை. மைக்கைப் பிடித்ததும் கண் சொருகிவிட்டது. "அத்தனை ஆள் பாத்துக்கிட்டு நிக்கான். விழுந்தா நாறிப்போகும். பின்னால நின்னு சட்டையோட கொத்தாப் பிடிச்சேன். அவ்வளவுதான்" என்றார்.

தலைவர் அந்த நாற்காலியை இன்னும் கொஞ்சம் முன்னால் நகர்த்தி, உட்காருங்க அண்ணாச்சி என்றார். மேடையில் பேசுகிற குரல் இல்லை அது. அப்படி ஒரு குரல் அவருக்கு இருக்கிறது என்பதே எனக்கு அன்றுதான் தெரியும்.

"நான் நிக்கேன். நீ உக்காரு. உனக்குத்தான் தலை சுத்தும்."

தலைவர் உட்கார்ந்துவிட்டார். முப்பது வருஷம் விடாமல் நின்றுகொண்டிருந்தவர் உட்கார்ந்த மாதிரி இருந்தது. யாரோ தண்ணீர் கொண்டுவந்தார்கள். முழுவதையும் குடித்தார். பெரியவர் பக்கத்தில் நின்றபடி, பேரப்பிள்ளைகள் எத்தனை என்று அவரிடம் விசாரிக்க ஆரம்பித்தார்.

நானும் அக்காவும் எங்கள் மாடிக்கு இறங்கி வந்தோம். அந்தப் பெரியவரை உங்களுக்கு எப்படித் தெரியும் என்று கேட்டேன். ஞாயிற்றுக்கிழமை வித்துராவுக்கு பஸ் ஏறிப் போய், துண்டைக் காட்டி, துணி ஏன் தூக்கியிருக்கிறது என்று கேட்டாராம். என்ன இருக்கிறது என்று தெரியாமல் ஒரு படத்தை எட்டடிக்கு அடிக்க முடியுமா என்றார். எல்லாம் தெரிந்துகொண்டு இத்தனை பேர் நடுவில் அவரைக் கொண்டுவந்து நிறுத்தினீர்களே, தலைவர் கோபத்தில் நம் இரண்டு பேரையும் வெளியே தள்ளியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று கேட்டேன். என் குரல் கொஞ்சம் உயர்ந்துதான் இருந்தது.

அக்கா தன் கடையின் ஷட்டரை ஏற்றிவிட்டு என்னைப் பார்த்தார். கொஞ்சம் மனத்தாங்கலோடு பார்த்தார் என்று சொல்ல வேண்டும்.

"சும்மா கூட்டிட்டு வருவேனா தம்பி? அண்ணாச்சி சொன்னதை முதல்ல தலைவர் வீட்டம்மாகிட்ட மட்டும் சொல்லிப் பாத்தேன். வெயில் இன்னைக்கும் அவருக்கு ஆகாதுன்னாங்க. பிறகு வெல்லக்கடைக்காரர்கிட்ட. அவர் கண்ணைத் தொடைச்சிக்கிட்டார்."

என்னிடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"சொல்லுறப்ப நீங்க கலரைக் கூட்டிருவீங்க" என்றார். பிறகு, "இன்னைக்குக் காலைல தலைவர்கிட்டயே சொன்னேன்" என்றார்.

அவர் என்ன சொன்னார் என்று கேட்டேன்.

"அண்ணாச்சி வருவாரா, கூப்பிட்டா வருவாரான்னு கேட்டார்."